ஒரு பக்கத்துக்கு மிகாமல்

திண்டிவனம்
21 ஜூலை 2024

அன்புள்ள அண்ணிக்கு,

பவுலின் எழுதுகிறேன். இங்கே நான் சுகம். நீங்களும் அம்மாவும் சுகமா? அம்மா சுகர் மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா?

கடிதம் என்றதும் பயந்துவிடாதீர்கள். ஹாஸ்டலில் சேர்ந்த அன்றே சிஸ்டர்கள் எல்லார் போனையும் வாங்கி பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கொடுப்பார்கள், மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் திரும்ப வாங்கிக்கொள்வார்கள். அம்மாவோடு பேசினால் "சாப்ட்டியா, தூங்குறியா" என்பதோடு முடிந்துபோகிறது. உங்களிடம் கொடுக்கச் சொன்னால் "அவ வேலையா இருக்கா" என்கிறார். உங்கள் போனோ எப்போதும் அணைந்தே கிடக்கிறது. அதனால்தான் தபால். நீங்கள் வேலை செய்யும் லேப் முகவரிக்கே போடுகிறேன்.

படிப்பு பரவாயில்லை. கெமிஸ்ட்ரி புரிகிறது. தமிழில் இந்த செமஸ்டர் முழுவதும் சிறுகதைகள். பானுப்ரியா மேடம் ஒவ்வொரு கதை முடிந்ததும் ஒரு வேலை கொடுக்கிறார்: ‘இந்தக் கதை என் வாழ்க்கையைத் தொடும் இடம். ஒரு பக்கத்துக்கு மிகாமல் எழுதுக.’ எழுதியதை எழுந்து நின்று வாசிக்கவும் வேண்டும்.

முதல் கதை ஒரு உப்பளத்தில் நடக்கிறது. ஒருத்தி புருஷனுக்கு மதியக் கஞ்சி எடுத்துக்கொண்டு போகிறாள். அவன் பாத்தி ஓரத்தில் செத்துக் கிடக்கிறான். அவள் கத்தவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, கொண்டுபோன கஞ்சியைத் தானே குடிக்கிறாள். ஊறுகாயையும் தொட்டுக்கொள்கிறாள். தூக்குவாளியைக் கழுவிவிட்டுத்தான் ஊருக்குச் சொல்லப் போகிறாள். கதை அவ்வளவுதான்.

வகுப்பில் ஒரே சத்தம். என் பக்கத்தில் உட்காரும் சகாய பிரியா, "எப்டிடி எறங்கும்? மனுஷியா அவ?" என்று என்னிடமே சண்டைக்கு வந்தாள். எங்கள் வீட்டுக் கோழி செத்தபோது நான் சாப்பிடாமல் கிடந்ததாக ஒரு பக்கம் எழுதி வாசித்தேன். நம் வீட்டில் கோழியே வளர்த்ததில்லை. மேடம் ‘அருமை’ என்று போட்டுக் கொடுத்தார்.

எழுதாததை உங்களுக்குச் சொல்கிறேன். ஏப்ரலில் அண்ணனுக்கு மூளைச்சாவு என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனாரே, அதற்கப்புறம் நான் ஆஸ்பத்திரி கேண்டீனில் பரோட்டா சாப்பிட்டேன். சால்னா நன்றாக இருந்தது. இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொல்லி வாங்கிக்கொண்டேன்.

அந்த உப்பளத்துக்காரிக்குப் பசித்திருக்கும். வேறு என்ன.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள்
பவுலின்

---

விழுப்புரம்
2 ஆகஸ்ட் 2024

பிரியமுள்ள பவுலினுக்கு,

அண்ணி எழுதுவது. உன் கடிதம் கிடைத்தது. நாங்கள் இருவரும் சுகம். அத்தைக்குச் சுகர் நானே லேபில் பார்த்தேன், போன மாதத்தைவிடக் குறைந்திருக்கிறது. நீ எடை குறைந்திருக்கிறாயா என்று பார்த்து எழுது.

போனைப் பற்றி எழுதியிருந்தாய். அது அடிக்கக் கூடாது என்றுதான் அணைத்து வைக்கிறேன். விபத்துச் செய்தி அதில்தானே வந்தது. அவசரம் என்றால் லேப் நம்பருக்கு அடி, அந்த மணிச் சத்தம் வேறு மாதிரி இருக்கும்.

அன்றைக்கு நீ தட்டில் மிச்சம் வைத்த பரோட்டாவை நான்தான் சாப்பிட்டேன். நீ கவனித்திருக்க மாட்டாய்.

இங்கே புதிதாக ஒன்றுமில்லை. காலையில் லேப், சாயங்காலம் வீடு. டிவி நாள் முழுக்க ஓடுகிறது. ஜெபமாலை, அப்புறம் சீரியல், அப்புறம் செய்தி. பதினைந்தாம் தேதி மாதா திருநாள், உனக்கும் லீவு. வந்துவிட்டுப் போ. அத்தை நீ வருவாயென்று சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அன்புடன்
சங்கவி

---

திண்டிவனம்
19 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அண்ணிக்கு,

சுகம்தானே? எனக்கு லேசான சளி, சரியாகிவிட்டது. எடை பார்க்கவில்லை.

பதினைந்தாம் தேதி வர முடியவில்லை. கொடியேற்றத்துக்கு என்.எஸ்.எஸ். பிள்ளைகள் இருந்தே ஆக வேண்டும் என்றார்கள். அம்மாவிடம் போனில் சொன்னேன். "சரி" என்றார்.

இரண்டாவது கதையும் முடிந்தது. அக்கா, தங்கை இரண்டு பேர். ஒரே வீடு, ஒரே அடுப்பு. ஏதோ ஒரு சண்டையில் பேச்சை நிறுத்திவிட்டார்கள். எந்தச் சண்டை என்று கதையில் சொல்லவே இல்லை. வீட்டில் ஒரு பூனை இருக்கிறது. அக்கா பூனையைப் பார்த்து, "நாளைக்கு ரேஷன் போடறாங்களாம்" என்பாள். தங்கை பூனையைப் பார்த்து, "நான் போய்க்கிறேன்" என்பாள். வருஷக்கணக்காக இப்படியே ஓடுகிறது. ஒருநாள் பூனை செத்துப்போகிறது. புதைத்துவிட்டு வந்து இரண்டு பேரும் உட்கார்ந்திருக்கிறார்கள். இனிமேலாவது பேசுவார்கள் என்று நினைத்தால், மறுநாள் தங்கை சந்தைக்குப் போய் இன்னொரு பூனைக்குட்டியைத் தூக்கிக்கொண்டு வருகிறாள்.

எல்லாரும் சிரித்தார்கள். சகாய பிரியா, ரூமில் வாளிக்காக நடந்த சண்டையை எழுதி வாசித்தாள். அந்த வாளிக்குச் சொந்தக்காரியும் வகுப்பில்தான் இருந்தாள், அவள் எழுந்து பதில் சொல்ல, மேடத்துக்கே சிரிப்பை அடக்க முடியவில்லை. நான் பக்கத்துவீட்டு மரக்கிளை நம் வீட்டுப் பக்கம் வந்ததாக எழுதினேன். அதுவும் பொய்தான்.

அண்ணி, ஒன்று கேட்கிறேன். அம்மா உங்களோடு பேசுகிறாரா?

அன்புள்ள
பவுலின்

---

விழுப்புரம்
8 செப்டம்பர் 2024

பிரியமுள்ள பவுலினுக்கு,

நலம். உன் நலம் எழுது. பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, மன்னித்துக்கொள். ஊரெல்லாம் காய்ச்சல். லேபில் நிற்க இடமில்லை. டியூப்புக்குப் பெயர் எழுதி எழுதியே பொழுது போய்விடுகிறது.

மழைத் தண்ணீர் பின்பக்கம் தேங்குகிறது. முனிசிபாலிட்டியில் சொல்லியிருக்கிறேன். அத்தைக்குப் புதுச் செருப்பு வாங்கினேன். பழையது வழுக்குகிறது. வாசலில் வைத்தேன், போட்டுக்கொண்டு கோயிலுக்குப் போனார்.

நம் வீட்டில் பூனை இல்லை பவுலின். டிவி இருக்கிறது. "எண்ண தீந்துபோச்சி" என்று அத்தை அதைப் பார்த்துச் சொல்வார். நான் வரும்போது வாங்கிக்கொண்டு வருவேன். எந்தக் குறையும் இல்லை. சாப்பாடு எடுத்து மூடி வைத்திருப்பார். நீ இதை மனதில் போட்டுக் குழப்பிக்கொள்ளாமல் படி.

சளிக்கு மாத்திரையைத் தேடாதே, வெந்நீர் குடி.

அன்புடன்
சங்கவி

---

திண்டிவனம்
15 செப்டம்பர் 2024

அன்புள்ள அண்ணிக்கு,

சளி போய்விட்டது. நீங்கள் காய்ச்சல்காரர்கள் நடுவில் இருக்கிறீர்கள், மாஸ்க் போட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள் கடிதத்தைப் படித்ததிலிருந்து அந்த ஆஸ்பத்திரி வராண்டாதான் ஞாபகத்தில் இருக்கிறது. உறுப்புகளைத் தானம் கொடுக்கலாமா என்று டாக்டர் கேட்டபோது, அம்மா, "வேணாம். எம் புள்ளைய முழுசா குடுங்க" என்றார். பங்குச்சாமியார்கூட, "இது பாவம் இல்லம்மா, நல்ல காரியம்" என்று சொல்லிப் பார்த்தார். அம்மா தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். மனைவிதான் கையெழுத்துப் போட வேண்டும் என்று உங்களிடம் காகிதத்தைக் கொடுத்தார்கள். நீங்கள் போட்டீர்கள். கண், கிட்னி, கல்லீரல் எல்லாம் போனது. உறுப்பு தானம் செய்தவருக்கு அரசு மரியாதை என்று அடக்கத்தன்று அதிகாரி வந்து மலர்வளையம் வைத்தார். அம்மா அதை எடுத்து வெளியில் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். அதற்கப்புறம்தான் உங்களோடு பேசுவதில்லை, இல்லையா?

நான் உங்களைக் குறை சொல்லவில்லை. சரி என்றும் சொல்லவில்லை. எனக்கு எதுவுமே தோன்றவில்லை. இன்றுவரை நான் அழவும் இல்லை. காலையில் எழுகிறேன், குளிக்கிறேன், லேபில் டைட்ரேஷன் செய்கிறேன், நிறம் மாறினால் குறித்துக்கொள்கிறேன். ரூமில் எல்லாரும் வீட்டை நினைத்து அழுதால் நான்தான் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். ‘பவுலின் தைரியசாலி’ என்று சிஸ்டர் சொல்கிறார்.

ஏன் கையெழுத்துப் போட்டீர்கள், அண்ணி? கதையில் ஒருத்தி ஏதாவது செய்தால், ஏன் செய்தாள் என்று மேடம் கேட்கிறார், நாங்களும் ஏதாவது பதில் சொல்கிறோம். உங்களை இதுவரை யாரும் கேட்கவில்லை. அதனால் கேட்கிறேன்.

அன்புள்ள
பவுலின்

---

விழுப்புரம்
20 அக்டோபர் 2024

பிரியமுள்ள பவுலினுக்கு,

நீ சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். அத்தை சுகம். ஒரு மாதத்துக்கு மேலாக உன் கடிதத்தைப் பையில் வைத்துக்கொண்டே திரிந்தேன்.

என்ன எழுதுவது என்று யோசித்துப் பார்த்தேன். அந்த டாக்டர் பேசும்போது, "கிட்னி ரெண்டும் நல்லா இருக்கு, கண்ணு ரொம்ப நல்லா இருக்கு" என்றார். கல்யாணமான நாளிலிருந்து உன் அண்ணனைப் பற்றி யாரும் நல்லதாக ஒன்று சொல்லிக் கேட்டதில்லை. எங்கள் ஊரில், காணை வீட்டில், மதம் வேறு, வேலை நிலையில்லை என்றார்கள். உங்கள் சொந்தக்காரர்கள், கோபக்காரன், அம்மா பேச்சைக் கேட்காதவன் என்றார்கள். அன்றைக்குத்தான் ஒருத்தர் அவரைப் பார்த்து நன்றாக இருக்கிறது என்று சொன்னார். அதைக் கேட்டதும் பேனாவை வாங்கினேன். இதுதான் காரணமா என்று திரும்பக் கேட்டால் எனக்குத் தெரியாது. புண்ணியம் என்றெல்லாம் நினைத்துச் செய்யவில்லை.

போன வாரம் அப்பா காணையிலிருந்து வந்திருந்தார். அடக்கத்துக்கு வந்ததற்கப்புறம் இப்போதுதான் வருகிறார். மல்லாட்டைக் கடலை கொண்டுவந்தார். அத்தை டீ போட்டுக் கொடுத்தார். கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்துவிட்டுப் போனார். விசேஷம் ஒன்றுமில்லை.

கல்லறைத் திருநாளுக்காவது வா. பஸ்ஸில் வர வேண்டாம். ரயிலில் வா. ரயில் அந்தப் பக்கம் போகாது.

அன்புடன்
சங்கவி

---

திண்டிவனம்
27 அக்டோபர் 2024

அன்புள்ள அண்ணிக்கு,

சுகமாக இருக்கிறீர்களா என்று கேட்க இன்றைக்கு எனக்கு மனமில்லை. ஆனாலும் கேட்கிறேன்.

காலையில் அம்மாவோடு பேசினேன். "ஒங்க அண்ணி ஊருக்குப் போறாளாம். அவங்கப்பா வந்து கேட்டுட்டுப் போனாரு. வேற எடம் பாக்குறாங்களாம்" என்றார். செய்தி வாசிக்கிற மாதிரி சொன்னார். "நீ என்னம்மா சொன்ன?" என்று கேட்டேன். "நான் சொல்றதுக்கு என்னா இருக்கு. அவளுக்கு வயசு இருக்கு" என்றார்.

விசேஷம் ஒன்றுமில்லை என்று எழுதியிருந்தீர்கள்.

போக வேண்டாம் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. நான் எந்தத் திருநாளுக்கும் வராதவள். நீங்கள் கண்டுபிடித்தது உண்மைதான். கூட்டேரிப்பட்டு தாண்டி அண்ணன் பைக்கோடு விழுந்துகிடந்த அந்த இடத்தை பஸ் கடந்துதான் வர வேண்டும். ரயிலில் வரலாம், தெரியும். ரயிலில் வந்தால் எதற்காக ரயிலில் வருகிறேன் என்று எனக்கே தெரியுமே. இந்தத் தடவையும் வரவில்லை. எனக்காக ஒரு மெழுகுவர்த்தி ஏற்றிவிடுங்கள்.

இதோடு ஒரு கதையின் ஜெராக்ஸ் வைத்திருக்கிறேன். மூன்றாவது கதை. ஒரு அம்மா கஷ்டத்தில் விற்றுவிட்ட தன் வீட்டைப் பல வருஷம் கழித்துப் பார்க்கப் போகிறாள். யார் என்று சொல்லாமல், "குடிக்கத் தண்ணி கெடைக்குமா?" என்று கேட்டு உள்ளே நுழைகிறாள். நீங்களே படியுங்கள். இதற்கு நான் ஒன்றும் எழுதிக் கொடுக்கவில்லை. பொய்கூட வரவில்லை. மேடம், "ஏன் தரலை?" என்று கேட்டார். "தலைவலி மேடம்" என்றேன்.

பவுலின்

---

விழுப்புரம்
10 நவம்பர் 2024

பிரியமுள்ள பவுலினுக்கு,

நாங்கள் நலம். தலைவலி உண்மையானது என்றால் கண்ணைப் பரிசோதித்துக்கொள்.

உன்னிடம் சொல்லாதது தப்புதான். எழுத உட்கார்ந்தேன், கை வேறு எதையோ எழுதிவிட்டது. கிறிஸ்துமஸ் முடிந்ததும் காணைக்குப் போகிறேன். லேப் வேலையை விடவில்லை, அங்கிருந்தே பஸ்ஸில் வருவேன். கல்யாணப் பேச்சுக்கு இன்னும் தலையாட்டவில்லை. ஆட்டக் கூடாது என்றும் இல்லை. இந்த வீட்டில் இருந்தாலும் அந்த வீட்டில் இருந்தாலும் எனக்கு இப்போது ஒன்றுபோலத்தான் இருக்கிறது. இங்கே இருப்பதால் அத்தை தன் வீட்டிலேயே பேசாமல் இருக்க வேண்டியிருக்கிறது. நான் போனால் அவராவது வாய் விட்டு யாரையாவது திட்டலாம்.

கல்லறைக்கு அத்தை காலையில் போனார். நான் லேப் முடித்துச் சாயங்காலம் போனேன். அவர் ஏற்றிய மெழுகுவர்த்தி உருகிக் கட்டியாகிக் கிடந்தது. அதன் மேலேயே என்னுடையதையும் உன்னுடையதையும் வைத்தேன்.

கதையைப் பையில் வைத்திருக்கிறேன். இன்னும் படிக்கவில்லை.

சங்கவி

---

திண்டிவனம்
4 டிசம்பர் 2024

அன்புள்ள அண்ணிக்கு,

நீங்களும் அம்மாவும் பத்திரமாக இருக்கிறீர்களா? அது ஒன்றை மட்டும் எழுதுங்கள், போதும்.

புயலும் மழையும் அடித்ததிலிருந்து இங்கே கரண்ட் இல்லை. ஹாஸ்டல் கீழ்த்தளம் முழுக்கத் தண்ணீர். எங்களை மாடிக்கு ஏற்றி, அங்கேயே கஞ்சி காய்ச்சிக் கொடுத்தார்கள். சிஸ்டர் போனைத் திறந்து கொடுத்துவிட்டார், டவர்தான் இல்லை. லேப் நம்பரும் போகவில்லை. விழுப்புரத்தில் பஸ் ஸ்டாண்டே ஏரி மாதிரி கிடக்கிறதாம், சகாய பிரியாவின் அப்பா யார் மூலமோ சொல்லி அனுப்பியிருக்கிறார். நம் தெருவைப் பற்றி யாருக்கும் தெரியவில்லை. பின்பக்கம் தண்ணீர் தேங்கும் என்று எழுதியிருந்தீர்கள்.

செமஸ்டரைத் தள்ளிவைத்துவிட்டார்கள். தபால் எப்போது போகும் என்று தெரியாது. போட்டுவைக்கிறேன்.

பவுலின்

---

விழுப்புரம்
9 டிசம்பர் 2024

பிரியமுள்ள பவுலினுக்கு,

இருக்கிறோம். இருவரும் பத்திரம். நேற்றுத்தான் கரண்ட் வந்தது. நீ லேபுக்கு அடித்துப் பேசிவிட்டாய், ஆனாலும் போனில் சொல்ல முடியாததை எழுதுகிறேன்.

தண்ணீர் பின்பக்கமாக வந்து அடுப்படிக்குள் ஏறியது. அரிசியையும் அத்தையின் மாத்திரையையும் தூக்கிப் பரணில் போட்டேன். கட்டிலின் கால்களுக்குக் கல் வைத்து உயர்த்தி, இருவரும் அதன் மேல் உட்கார்ந்துவிட்டோம். கீழே முழங்கால் அளவுத் தண்ணீரில் என் செருப்பு மிதந்துபோனது. அத்தை டிவி பக்கம் திரும்பி, "மெழுகுவத்தி..." என்று ஆரம்பித்தார். டிவி கறுப்பாக இருந்தது. அப்படியே நிறுத்திவிட்டார். நான் எடுத்துக் கொடுத்தேன்.

மறுநாளும் மழை விடவில்லை. காலையிலிருந்து இருவரும் ஒரே கட்டிலில், ஆளுக்கொரு ஓரத்தில். மழைச் சத்தத்தைத் தவிர ஒன்றுமில்லை. மத்தியானம் கொஞ்சம் வெளிச்சம் வந்தது. பையைத் துழாவியபோது நீ அனுப்பிய கதை கையில் கிடைத்தது. வாய் விட்டுப் படிக்க ஆரம்பித்தேன். அவருக்காக இல்லை, ஒரு குரல் வேண்டியிருந்தது, அவ்வளவுதான். அந்த அம்மா தண்ணீர் வாங்கிக் குடிக்கிறாள், வீட்டைச் சுற்றிப் பார்க்கிறாள், டம்ளரைக் கொடுத்துவிட்டு யாரென்று சொல்லாமலே தெருவில் இறங்கிப் போகிறாள். முடித்துவிட்டுக் காகிதத்தை மடித்தேன்.

"ஏன் சொல்லல?" என்றார் அத்தை.

டிவியைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துக் கேட்டார்.

"யாரு அத்த?"

"அந்தப் பொம்பளதான். யாருன்னு சொல்லியிருக்கலாம்ல. அவங்க என்னா தொரத்திவுடவா போறாங்க?"

"சொன்னா அந்த வீட்டுக்காரங்களுக்கு ஒரு மாதிரி ஆயிடும்னு நெனச்சிருப்பா."

ஈரம் ஏறிய சுவரைப் பார்த்தார். அப்புறம், "செவுத்துக்கெல்லாம் வெள்ள அடிச்சிருந்தாங்களா?" என்றார்.

"அடிச்சிருந்தாங்கன்னுதான் போட்டுக்கீது. ஜன்னலும் புதுசா மாத்தியிருக்காங்க."

"வெளக்கு?"

"எரிஞ்சிக்கினு இருந்துச்சாம்."

சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தார். மறுபடி பேசியபோது குரல் இறங்கிப்போயிருந்தது.

"ஜெனித்தோட கண்ண வாங்கினு போனவங்க... நல்லா வெச்சிக்கினு இருப்பாங்களா?"

பவுலின், உன் அண்ணன் பெயரை ஏப்ரலுக்கப்புறம் இந்த வீட்டில் யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை, நீயும் எந்தக் கடிதத்திலும் எழுதவில்லை.

"வெச்சிக்குவாங்க அத்த," என்றேன். "மருந்து ஊத்தச் சொல்லியிருப்பாங்க. ஊத்திக்கினு இருப்பாங்க."

"யாருன்னு நமக்குச் சொல்லவே மாட்டாங்களா?"

"மாட்டாங்க. ரூல்ஸு அப்டி."

"அவங்களாச்சும் வந்து தண்ணி கேட்டாங்கன்னா..." என்று சொல்லிவிட்டு நிறுத்தினார். "சரி. திருப்பிப் படி. மொதல்லேருந்து படி."

படித்தேன். முடித்ததும் சொன்னார்: "ஆனா நீ கையெழுத்து போட்டது தப்புதான். நான் வேணாம்னு சொன்னேன் இல்ல?"

"ஆமா அத்த. சொன்னீங்க."

"கேக்கலையே நீ."

"கேக்கல."

தண்ணீர் வடிந்ததும் இருவரும் சேர்ந்து சேற்றைத் தள்ளினோம். "அந்தப் பக்கம் புடி", "தொடப்பத்த எட்த்துக்கினு வா" என்று நாள் முழுக்க வேலை ஏவினார். டிவி போய்விட்டது. சரிசெய்ய வேண்டாம் என்கிறார். மன்னித்துவிட்டார் என்று நான் நினைக்கவில்லை. முகத்தைப் பார்த்துத் திட்டுகிறார்.

காணைக்குப் போவதில் மாற்றமில்லை. அங்கே நெல்லெல்லாம் சாய்ந்துவிட்டது. அப்பாவுக்கும் அம்மாவுக்கும் ஆள் வேண்டும். அத்தையிடம் சொன்னேன். "போ. ஞாயித்துக்கெழம வா. புளியும் அங்கேருந்து எட்த்துக்கினு வா, இங்க கெடைக்கிறது நல்லால்ல" என்றார்.

ஜலதோஷம் பிடிக்காமல் பார்த்துக்கொள்.

அன்புடன்
சங்கவி

---

விழுப்புரம்
10 ஜனவரி 2025

அன்புள்ள அண்ணிக்கு,

இந்தக் கடிதத்தைக் காணை முகவரிக்கு எழுதுகிறேன். உங்கள் பெயருக்குக் கீழே உங்கள் அப்பா பெயரைப் போட்டு ‘சின்னதுரை அவர்கள் வீடு’ என்று எழுதக் கொஞ்ச நேரம் ஆனது. நீங்கள், உங்கள் அப்பா, அம்மா எல்லாரும் சுகமா? சாய்ந்த நெல்லில் ஏதாவது தேறியதா? இங்கே அம்மா சுகம். முட்டிவலி என்கிறார், ஆனால் நாளெல்லாம் நடந்துகொண்டேதான் இருக்கிறார்.

கிறிஸ்துமஸுக்கு வந்தபோது ரயிலில்தான் வந்தேன். நீங்கள் ஒன்றும் கேட்கவில்லை. நன்றி.

நேற்றுத் தமிழ்ப் பரீட்சை. கடைசிக் கேள்வி, ‘பாடத்தில் படித்த சிறுகதை ஒன்றை உங்கள் வாழ்வோடு பொருத்தி ஒரு பக்கத்துக்கு மிகாமல் எழுதுக.’ கோழி, மரக்கிளை எல்லாம் தயாராகத்தான் இருந்தது. உப்பளக் கதையை எடுத்துக்கொண்டேன். ‘என் அண்ணன் பெயர் ஜெனித்’ என்று ஆரம்பித்தேன். பரோட்டாவை எழுதினேன். சால்னா நன்றாக இருந்ததையும், நீங்கள் மிச்சத்தைச் சாப்பிட்டதையும் எழுதினேன். அந்தப் பெண்ணைக் கல் நெஞ்சுக்காரி என்றார்கள், அப்படி இல்லை, சோறு தொண்டையில் இறங்குகிறவரைக்கும் அவன் சாகவில்லை என்று அவள் நினைத்திருக்கலாம் என்று எழுதினேன். அதற்கப்புறம் பேனா நிற்கவில்லை. கூடுதல் தாள் வாங்கினேன். பக்கம் மிகுந்ததற்கு மார்க்கைக் குறைப்பார்கள். குறைக்கட்டும்.

ஹாலிலிருந்து வெளியே வந்ததும் பையை எடுத்துக்கொண்டு நேராக பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விட்டேன். விழுப்புரம் வண்டியில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தேன். கூட்டேரிப்பட்டு தாண்டியதும் கண்ணை மூடிக்கொள்ளலாமா என்று நினைத்தேன். மூடவில்லை.

அம்மா கதவைத் திறந்ததும், "ரயிலு இந்நேரத்துக்கு ஏது?" என்றார்.

"பஸ்ல வந்தேம்மா."

என் முகத்தையே பார்த்தார். "எடத்தப் பாத்தியா?"

"பாத்தேன்."

"என்னா இருக்கு அங்க?"

"ஒன்னும் இல்லம்மா. ரோட்டு ஓரமா நெல்லு காய வெச்சிருக்காங்க. மழைல நனஞ்ச நெல்லு. ஒரு அம்மா காலால கிளறிவுட்டுக்கினு இருந்தாங்க."

"காயுதா?"

"வெயில் நல்லா அடிக்குது. காஞ்சிடும்."

"செரி, உள்ள வா," என்றார். "கை கால் கழுவு."

பின்பக்கம் போய்க் குழாயைத் திறந்தேன், அண்ணி. முகத்தில் தண்ணீரை அடித்தபோது உள்ளே ஏதோ பிடி விட்டுப்போனது. சத்தம் வெளியே வந்துவிட்டது. எவ்வளவு நேரம் அப்படி நின்றேன் என்று தெரியவில்லை. திரும்பினால் அம்மா துண்டோடு பின்னால் நின்றுகொண்டிருந்தார். அவர் கன்னமும் நனைந்திருந்தது.

"அழு," என்றார். "கொழாய மட்டும் மூடிட்டு அழு. தொட்டி காலியாவுது."

பொங்கலுக்கு மறுநாள் நாங்கள் இருவரும் உங்கள் வீட்டுக்கு வருகிறோம். பஸ்ஸில்தான். உங்கள் அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

உங்கள்
பவுலின்